கோணல் சிரிப்பு, நேர் சிரிப்பு

அத்தியாயம் 6

"இந்த ஆளு நடிக்கிறான். ஆதாரம் இதோ!"

வென்லுங் தன் கைபேசியை ஷூமெய்யின் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் கோயில் முற்றம். ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார் லியாவ். நகைச்சுவைக்காரன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறான். லியாவ் வாய்விட்டுச் சிரிக்கிறார். இரண்டு கன்னமும் ஒன்றாக மேலே ஏறுகின்றன. தராசுத் தட்டு மாதிரி, இம்மியும் ஏற்ற இறக்கம் இல்லை.

"இப்ப நேர்ல பாருங்க. லியாவ் ஐயா, கொஞ்சம் பல்லைக் காட்டுங்க!"

எதிரே அமர்ந்திருந்த லியாவ் முயன்றார். இடது கன்னம் ஏறியது. வலது கன்னம், நனைந்த துணி கொடியில் தொங்குவது போல, அப்படியே தொங்கியது.

"வாழைப்பழத் தோலுக்கு முழு வாய். கோயில் கமிட்டிக்கு மட்டும் அரை வாயா?" என்றான் வென்லுங்.

ஷூமெய்யின் உதவியாளன் ஆ-டாங் தலையை ஆட்டினான். "நியாயம்தான் அக்கா. எங்க மாமியார்கூட விருந்தாளிக்குப் பாதிச் சிரிப்பு, டி.வி.க்கு முழுச் சிரிப்புதான்."

தைனான் நகரின் பழைய மீன்சந்தைக்குப் பின்னால் இருந்தது அந்த மருத்துவச் சாமி கோயில். ஒன்பது நாளுக்கு முன்பு, சாமியின் கழுத்தில் தொங்கும் உள்ளங்கை அகலத் தங்கப் பதக்கம் காணாமல் போனது. அதே நாள் மாலை, இருபத்திரண்டு வருடமாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் லியாவ், பக்கவாதம் வந்து சாமி முன்னால் விழுந்தார். முதலில் பார்த்தவன் வென்லுங். மூளையின் இடப்பக்கம் சின்னதாக ஓர் அடைப்பு, பேச்சு மெல்ல மெல்லத் திரும்பும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். மூன்று நாளுக்கு முன்புதான் கோயிலுக்கே திரும்பி வந்திருந்தார்.

நாளை சாமிக்குப் பிறந்தநாள். பதக்கம் இல்லாமல் ஊர்வலம் கிடையாது. இன்று நாலு மணிக்குக் கமிட்டி கூடும். எல்லார் முன்னிலையிலும் லியாவின் அறையைச் சோதனை போடுவார்கள். பிறகு போலீஸ். பதக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லியாவ் இந்தக் கோயிலை விட்டுப் போக வேண்டியதுதான். அந்த ஓர் அறையைத் தவிர அவருக்கு வேறு வீடு இல்லை.

அதற்குள் கண்டுபிடித்துத் தரும்படி ஷூமெய்யை அழைத்திருந்தவர் கமிட்டித் தலைவர் பெங். பட்டுச் சட்டை, பெரிய வயிறு, சின்ன சந்தேகக் கண்கள்.

"பக்கவாதம் வந்தது நிஜம்மா. டாக்டர் படம் எடுத்துக் காட்டினாரு. ஆனா பேச்சு வரலன்னு சொல்றதுதான் எனக்கு இடிக்குது. பதக்கம் எங்கன்னு கேட்டா 'தா... தா...'ன்னு திக்கறாரு. நேத்து என் கால் அவர் கால்ல பட்டுடுச்சு. 'ஆமை முட்டைப் பயலே!'ன்னாரு. ஒரு எழுத்து பிசகல. தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு."

"கமிட்டித் தலைவரையா?" ஆ-டாங் வாயைப் பொத்திக்கொண்டான். "சாமி அவருக்கு நல்ல பேச்சாத்தான் கொடுத்திருக்கு."

"தலையாட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தீங்களா?" என்றாள் ஷூமெய்.

"கேட்டாச்சு. பதக்கம் கோயில்ல இருக்கா? ஆமாம்னு ஆட்டினாரு. ஆத்துல இருக்கா? அதுக்கும் ஆமாம். நீங்க பொம்பளையான்னு வென்லுங் கேட்டான். அதுக்கும் ஆமாம்."

லியாவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணோரம் ஈரம்.

ஷூமெய்க்கு வயது ஐம்பத்தொன்று. துப்பறிய வருமுன் பதினெட்டு வருடம் மூளை நோய்ப் பிரிவில் செவிலியாக இருந்தவள். கைபேசிக் காட்சியை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி வென்லுங். இவர் நடிக்கலங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது."

"என்னது?"

"ஆ-டாங், உன் வயிறு கத்துது. நிறுத்து."

"என் கையிலயா இருக்கு? மணி ரெண்டாச்சு. சோறு போட்டாத் தானா நிக்கும்."

"வேர்க்குது. அதையாவது நிறுத்து."

"அக்கா, ஆளை விடுங்க!"

"பாத்தீங்களா தலைவரே? மூளைங்கறது மாடி வீடு. மேல் மாடியில முதலாளி. 'பல்லைக் காட்டு, பதில் சொல்லு'ன்னு நாம கேக்கறதெல்லாம் அவர்கிட்டதான் போகும். கீழ்த்தளத்துல பழைய வேலைக்காரங்க. பசி, தாகம், வேர்வை, மூச்சு, பயம், கோபம், சிரிப்பு. இவங்க யாரும் முதலாளியைக் கேட்டு வேலை செய்யறதில்ல. லியாவ் ஐயாவுக்கு அடைப்பு மேல் மாடியில. அதனால கேட்டுச் சிரிச்சா கோணல். தானா வந்தா நேர். அந்தச் சிரிப்புக்கு வழியே வேற. கோபத்துல வர்ற வசவும் அப்படித்தான். யோசிச்சுப் பேசற பேச்சு உடைஞ்சாலும் அது உடையாது."

பெங் மோவாயைச் சொறிந்தார். "அப்ப என்னைத் திட்டினது..."

"மனசாரத் திட்டியிருக்காரு" என்றான் ஆ-டாங் ஆறுதலாக.

"நடிக்கிறவன் எப்படி இருப்பான்?" ஷூமெய் எழுந்தாள். "எப்பவும் கோணலாவே இருப்பான். டி.வி. முன்னாலயும் ஜாக்கிரதையா இருப்பான். இவர் இல்ல."

வென்லுங் உதட்டைச் சுழித்தான். அவன் லியாவின் உதவியாளன். வந்ததிலிருந்து உட்காராமல் சுவரில் சாய்ந்தே நின்றிருந்தான். வலது முழங்காலில் கால்சட்டைக்கு மேலே தடித்த கட்டு.

"கதை நல்லா இருக்கு. நாலு மணிக்கு ரூமைத் திறந்தா உண்மை தெரிஞ்சிடும்."

"முட்டிக்கு என்னண்ணே?" என்றான் ஆ-டாங்.

"தேஞ்சு போச்சு. ஒரு வாரமா மடங்கவே இல்ல. சாமிக்கு மண்டிபோடக்கூட முடியாம நின்னுக்கிட்டே கும்பிடறேன். என் பாவம்."

*

"அக்கா, கேள்விக்கும் பதில் இல்ல, தலையாட்டலுக்கும் அர்த்தம் இல்ல. இவர்கிட்டேருந்து எப்படிக் கறக்கப் போறீங்க?"

"முகத்துலேருந்து. கோணல்னா மரியாதைக்குச் சிரிக்கிறாருன்னு அர்த்தம். நேர்னா மனசு குளிருது. பதக்கம் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல போனா, அந்த வலது கன்னம் தானா ஏறும்."

"ஆளையே திசைகாட்டி ஆக்கிட்டீங்களே!"

ஷூமெய் லியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆ-டாங் முன்னால் பின்னோக்கி நடந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். பெரிய முரசு: கோணல். ஊதுவத்திக் கொப்பரை: கோணல். நேர்த்திக்கடன் விளக்கு வரிசை: கோணல், கூடவே ஒரு கொட்டாவி. அதைப் பார்த்து ஆ-டாங்கும் கொட்டாவி விட்டான்.

"உன் கீழ்த்தளம் நல்லா வேலை செய்யுது" என்றாள் ஷூமெய்.

அலுவலக மூலையில் இருந்த இரும்புப் பெட்டியின் முன்னால் லியாவ் நின்றார். முகம் சிவந்தது. "ஆமை முட்டை!" என்றார் பெட்டியைப் பார்த்து.

"பெட்டியையும் விடலையா?" ஆ-டாங் பெட்டிக்காகப் பரிதாபப்பட்டான்.

ஷூமெய் அதை மனதில் முடிந்துகொண்டாள்.

வாசலில் தொண்டர்கள் இருவர். பதக்கம் போன நாளிலிருந்து உள்ளே வருபவர், வெளியே போகிறவர் எல்லாருடைய பையையும் சட்டைப் பாக்கெட்டையும் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆ-டாங்கைத் தடவும்போது, "அங்க தடவாதப்பா, கூசுது" என்று அவன் நெளிந்தான்.

தெருவைத் தாண்டியதும் அது நடந்தது.

லியாவின் வலது கன்னம் ஏறியது. இடதும் ஏறியது. முகம் முழுநிலவாக விரிந்தது.

"அக்கா! நேர்! கோடு போட்ட மாதிரி நேர்!"

எதிரே ஒரு தள்ளுவண்டி. ஆவி பறக்கும் கிண்ணங்களில் அரிசிக் களி. பக்கத்தில் கூடை நிறைய வாத்து முட்டை. வண்டிக்குப் பின்னால், அறுபது வயதிலும் உதட்டுச் சாயம் கலையாத குவேய்சியாங்.

"பதக்கம் களிக்குள்ளதான். நான் தேடறேன்." ஆ-டாங் அடுத்தடுத்து மூன்று கிண்ணத்தைத் தேடி முடித்தான். நாலாவதைத் தேடப் போனபோது ஷூமெய் அவன் கரண்டியைப் பிடுங்கினாள்.

"பதக்கமாவது ஒண்ணாவது. அவர் முகத்தைப் பாரு, உனக்கே புரியும்."

லியாவ் குவேய்சியாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். குவேய்சியாங் மேசையைத் துடைக்கிற சாக்கில், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓ..." என்றான் ஆ-டாங். "திசைகாட்டி வேற வடக்கைக் காட்டுது."

"வாய மூடுடா" என்றாள் குவேய்சியாங், காது வரை சிவந்து. பிறகு ஷூமெய்யிடம் திரும்பினாள். "இந்த மனுசன் திருடியிருப்பாருன்னா சொல்றாங்க? இருவத்திரண்டு வருசம் முன்னாடி, இந்தக் கோயிலை யாரு பாத்துக்கணும்னு சாமி முன்னால கட்டை போட்டுக் கேட்டப்ப, தொடர்ந்து ஒம்போது தடவை சாமி இவருக்குத்தான் சரின்னுச்சு. அந்தச் சாமிகிட்டயே திருடுவாரா? மூளை இருக்கறவன் யோசிக்க வேணாம்?"

"அத்தை, அந்த இரும்புப் பெட்டி மேல ஏன் இவருக்கு அவ்வளவு கோபம்?"

"அதுவா? வந்த முதல் வாரமே, பதக்கத்தை ராத்திரி பெட்டியில வெச்சுப் பூட்டட்டுமான்னு சாமிகிட்ட கேட்டாராம். மூணு தடவை கட்டை போட்டாரு. மூணு தடவையும் சாமி சிரிச்சிடுச்சு."

பிறை வடிவக் கட்டைகள் இரண்டும் தட்டைப் பக்கம் மேலே பார்க்க விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று கணக்கு. கேட்ட கேள்வியே அசட்டுத்தனம் என்று பொருள்.

"அப்புறம் எங்கதான் வெச்சாரு?"

"என்கிட்டயே சொன்னதில்ல. பெட்டி சாவி மட்டும் கமிட்டிக்காக இடுப்புல தொங்கும். பெட்டி காலி." அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். "ஒம்போது நாளா வியாபாரமே மந்தம்மா. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பச்சை வாத்து முட்டை வாங்கிட்டுப் போவாரு. விழுந்த அன்னைக்கும் வாங்கினாரு. வாங்கிட்டுப் போய் அரை மணியில ஆம்புலன்ஸ் சத்தம்."

ஷூமெய் நிமிர்ந்தாள். "முட்டை யாருக்கு?"

"புலிச்சாமிக்குத்தான். வேற யாரு பச்சை முட்டை தின்பா?"

மருத்துவச் சாமியின் பலிமேசைக்கு அடியில், தரையோடு தரையாக ஒரு மாடம். அதற்குள் பூனை அளவில் உட்கார்ந்திருப்பவர் புலிச்சாமி. அவருக்குப் படைக்க வேண்டுமானால் வயிறு தரையில் படத் தவழ வேண்டும். கமிட்டியின் வயிறுகளுக்கு அது ஆகிற காரியம் இல்லை.

"ஆ-டாங், ஒரு முட்டை வாங்கு. அவர் கையில கொடு. வாயத் திறந்து ஒண்ணும் கேக்காதே. கேள்வி மேல் மாடிக்குப் போய் மாட்டிக்கும். முட்டை கைக்குப் போகட்டும். தினம் செஞ்ச வேலையைக் கை மறக்காது."

*

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பெங்கும் வென்லுங்கும் பலிமேசை அருகே நின்றிருந்தார்கள்.

லியாவ் உள்ளே வந்தார். கையில் முட்டை. யாரையும் பார்க்கவில்லை. சாமிக்கு மூன்று முறை குனிந்தார். சாமியின் கழுத்துப் பக்கம் கை உயர்ந்தது, அங்கே இல்லாத எதையோ கழற்றியது. பிறகு மெல்ல மண்டியிட்டு, வயிறு தரையில் படத் தவழ்ந்து, மேசைக்கு அடியில் போனார். உள்ளே முட்டையை வைக்கும் சத்தம் கேட்டது. கை புலிச்சாமியின் முதுகுக்குப் பின்னால் நுழைந்தது.

"அங்கதான்!" பெங் மூச்சை இழுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. ஆ-டாங் பதறிப் போய் அவரை வெளியே இழுத்தான். லியாவின் கை வெறுங்கை. முகத்தில் திகில். இரண்டு கண்ணும் ஒரே அளவில் விரிந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெளுத்திருந்தன.

ஆ-டாங் தானே தவழ்ந்து போய், முட்டையோடு திரும்பினான். "பின்னால ஒரு பொந்து இருக்குக்கா. சிவப்புத் துணி விரிச்சிருக்கு. துணி மட்டும்தான். மத்தபடி சுத்தம். எங்க வீட்டு அடுப்படி இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்ல."

"நாத்தம்?"

"துளிகூட இல்ல."

"பாத்தீங்களா!" வென்லுங் கையைத் தட்டினான். "இடத்தை அவனே காட்டிட்டான்! இங்க ஒளிச்சு வெச்சு, ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் ரூமுக்கு மாத்திட்டான். வாங்க தலைவரே, ரூமைத் திறப்போம்."

பெங்கின் முகம் இறுகியது. லியாவ் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தா... தா..." அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றார். வரவில்லை. தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டார்.

"திறக்கலாம்" என்றாள் ஷூமெய். முட்டையை ஆ-டாங்கிடமிருந்து வாங்கி மேசை விளிம்பில் வைத்தாள். "வென்லுங், ஐயா ஆஸ்பத்திரியில இருந்தப்ப மேசைக்கு அடியில யாராவது போனாங்களா?"

"யாரும் போகல. நான்தான் கோயிலைப் பார்த்துக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க?"

"முட்டி மடங்காத ஆளு எப்படிம்மா தவழுவான்?"

"அதுவும் சரிதான்." ஷூமெய் பெங் பக்கம் திரும்பினாள். அவள் முழங்கை முட்டையில் இடித்தது.

முட்டை உருண்டது. விளிம்பைத் தாண்டியது. வென்லுங்கின் காலடிக்கு நேரே விழுந்தது.

சாமிக்கு வைத்த முட்டை தரையில் உடைந்தால் கோயிலுக்கே ஆகாது. அந்தக் கோயிலில் பத்து வருடம் வேலை பார்த்த எவன் கையும் அதற்குச் சும்மா இருக்காது. வென்லுங் சட்டென்று இரண்டு முழங்காலையும் மடக்கிக் குந்தினான். தரைக்கு நாலு விரற்கடை மேலே, இரண்டு கையாலும் முட்டையை ஏந்திப் பிடித்தான்.

"ஐயோ!" என்று அலறினான் அடுத்த நொடி, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

பெங் அந்த மடங்கிய முழங்காலையே பார்த்தார்.

"அண்ணே," என்றான் ஆ-டாங், "தவளைகூட இவ்வளவு அழகாக் குந்தாது."

"மேல் மாடி முதலாளிக்குப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தீங்க வென்லுங். கீழ்த்தளத்து ஆளுங்ககிட்ட சொல்ல மறந்துட்டீங்க. ஆ-டாங், அவர் முட்டியில என்னமோ குத்துது. கட்டுத் துணியை அவிழ்த்துப் பாரு."

துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. கடைசிச் சுற்றில், டங்கென்று தரையில் விழுந்து உருண்டு, லியாவின் செருப்பருகே போய்ப் படுத்தது பதக்கம்.

"ஒம்போது நாள் முட்டை எங்கன்னு யோசிச்சேன்" என்றாள் ஷூமெய். "விழுந்த அன்னைக்கு லியாவ் ஐயா முட்டை வாங்கிட்டு வந்தாரு. யாருமே அடியில போகலன்னா, இந்த வெயிலுக்கு அது அழுகி ஊரைக் கூட்டியிருக்கும். அடியில சுத்தமா இருந்துச்சு. ஐயா பாதி உடம்பு மேசைக்கு அடியில, பதக்கத்தோட விழுந்து கிடந்ததை முதல்ல பார்த்தது நீங்க. நாத்தம் அடிச்சா யாராவது குனிஞ்சு பார்ப்பாங்க, பொந்து தெரிஞ்சிடும். அதனால முட்டையையும் எடுத்துட்டீங்க. வாசல்ல பை பார்ப்பான், பாக்கெட் பார்ப்பான், நோவுற முட்டியை எவனும் தடவ மாட்டான்."

"விக்கறதுக்கா எடுத்தான்? அப்புறம் ஏன் இன்னைக்கு உள்ள கொண்டு வந்தான்?" என்றார் பெங்.

"இல்ல தலைவரே. ஐயா ரூம்ல போட்டு எடுக்கறதுக்கு. நாலு மணிக்கு ரூமைச் சோதனை போடலாம்னு யோசனை சொன்னது யாரு?"

பெங் மெல்லத் திரும்பி வென்லுங்கைப் பார்த்தார்.

வென்லுங் குந்திய இடத்திலிருந்து எழவில்லை. முட்டை இன்னும் அவன் கையில் பத்திரமாக இருந்தது. "பத்து வருசமா இந்தக் கோயில் பொறுப்பு எனக்கான்னு கட்டை போட்டுக் கேக்கறேன்" என்றான் தரையைப் பார்த்து. "எனக்கு மட்டும் சாமி ஒரு தடவைகூடச் சரின்னு சொன்னதே இல்ல. இந்த ஆளு போனாத்தானே..." அவன் நெற்றி வேர்த்துக் கொட்டியது. அதை அவனால் நிறுத்த முடியவில்லை.

தொண்டர்கள் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது, ஆ-டாங் அவன் கையிலிருந்த முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பெங் அறைச் சாவியை எடுத்து லியாவின் கையில் வைத்தார். இரண்டு கையாலும், தலை குனிந்து. "மன்னிச்சுக்குங்க லியாவ் அண்ணே." லியாவ் மரியாதைக்குச் சிரித்தார். இடது கன்னம் மட்டும் ஏறியது. பெங்குக்கு அதன் அர்த்தம் இப்போது புரிந்ததால் இன்னும் தலை குனிந்தார்.

பிறகு தலைவர் தலைவராகவே தொண்டையைக் கனைத்தார். "நடந்தது நடந்துபோச்சு. ஊர்வலம் காலையிலதான். அது வரைக்கும் பதக்கம் இரும்புப் பெட்டியில இருக்கட்டும்."

"சாமிகிட்ட கேக்கலையா?" என்றாள் ஷூமெய்.

பெங் கட்டைகளை எடுத்து, கண்ணை மூடி வேண்டி, போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே. சிரிப்பு.

மறுபடி போட்டார். சிரிப்பு.

மூன்றாவது முறை ஒரு கட்டை மட்டும் தனியே சுழன்றது. சுழன்று, தயங்கி, தட்டைப் பக்கத்தைக் காட்டிப் படுத்தது. சிரிப்பு.

முதலில் சிரித்தது லியாவ்தான். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, இரண்டு கன்னமும் ஒன்றாக ஏறி. வாசலில் கூடையோடு வந்து நின்ற குவேய்சியாங் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பெங் பெருமூச்சு விட்டார். பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டார். ஒரு கையில் முட்டை, ஒரு கையில் பதக்கம். முதலில் முழங்கால், பிறகு வயிறு, பிறகு மோவாய் என்று தவணை தவணையாகத் தரையில் இறங்கி, மேசைக்கு அடியில் நுழைந்தார். பாதியில் மாட்டிக்கொண்டார். ஆ-டாங் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினான்.

"எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று உள்ளேயிருந்து தலைவரின் குரல் அமுங்கி வந்தது.

"ஆமை முட்டைப் பயலே!" என்றார் லியாவ், கணீரென்று.

"இடது பக்கம்னு சொல்றாரு தலைவரே" என்றான் ஆ-டாங்.